வயதைக் கேட்ட திரை

செருப்பு இருந்தது. செருப்புக்கு உரியவள் இல்லை.

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது சங்கீதாவின் கணினிப் பயிற்சி மையம். படியேறியதும் இடப்பக்கம் செருப்பு விடுவதற்கு ஓர் இரும்புத் தட்டு. சுரங்கத்துத் தூசி தெருவெல்லாம் படிகிற ஊரில், கணினிகளைக் காப்பாற்ற சங்கீதாவுக்குத் தெரிந்த ஒரே வழி வெறுங்கால்தான். தட்டின் கீழ் வரிசையில் நீல வார் வைத்த ஒரு ஜோடி மட்டும் கிடந்தது.

“பிரியாவோடது. ஞாயித்துக்கிழமைலேர்ந்து இப்படியே கிடக்கு. எடுக்கவும் மனசு வரலை, பார்க்கவும் முடியலை மேடம்,” என்றாள் சங்கீதா.

வெண்மதி குனிந்து பார்த்தாள். ஆட்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவள் தொழில். இடது செருப்பின் குதிகால் பக்கம் அதிகம் தேய்ந்திருந்தது. காணாமல் போனவர்களின் பொருள்களைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குள் ஒரு கூச்சம் வரும். அவர்கள் அனுமதி கொடுக்காத ஒரு நெருக்கம் அது.

காணாமல் போனவள் சண்முகப்பிரியா. இந்த மையத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். அப்பா அம்மா இல்லை. கம்மாபுரம் பக்கத்தில் அப்பா விட்டுப் போன நிலம் இருக்கிறது. அந்த நிலம் இப்போது சுரங்கத்துக்காக எடுக்கப்படுகிறது. நிலத்துக்குப் பதிலாகக் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை. அது யாருக்கு என்று வாரிசு நேரில் வந்து சொல்ல வேண்டும். விசாரணை நாளைக் காலை, நிலமெடுப்பு அலுவலகத்தில். பிரியா வராவிட்டால், இத்தனை வருஷம் அந்த நிலத்தில் பயிர் வைத்தவர்கள் சொல்வதுதான் பேச்சு.

இதையெல்லாம் வெண்மதியிடம் சொன்னவர் பிரியாவின் தாய்மாமன் விஜயராஜ். சுரங்கத்துக்கு ஒப்பந்தக் கூலியாட்களை அனுப்புகிறவர். நேற்று வெண்மதியின் வீட்டுக்கு வந்து, கையைக் கூப்பி, “நான் வளத்த பொண்ணுங்க. எங்க இருக்கான்னு மட்டும் கண்டுபுடிச்சிக் குடுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்” என்றார். இப்போது கீழே, கலியனின் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்.

“நீங்க மேல வரலையா?” என்று வெண்மதி கேட்டதற்கு, “அந்த மாடிப்படி எந்தப் பக்கம்னு கூட எனக்குத் தெரியாதுங்க. நீங்க பாருங்க,” என்று சொல்லிவிட்டார்.

உள்ளே ஜன்னல்கள் சாத்தியிருந்தன. தெருவின் சத்தம் அமுங்கி, அதற்கும் அடியில் சுரங்கத்து இயந்திரத்தின் உறுமல் மட்டும் தரை வழியாக வந்தது. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது கேட்காது. வெண்மதி காவல்துறை வேலையை விட்டுவிட்டு இங்கே குடியேறி எட்டு வருஷம் ஆகியும், அமைதியான அறைகளில் அது அவளைத் தேடி வந்துவிடும்.

“இதான் பிரியா மேடத்தோட சிம்மாசனமா?” என்று கேட்டுக்கொண்டே அவளுடைய உதவியாளன் சிலம்பரசன் மூலையிலிருந்த கணினியின் முன்னால் உட்கார்ந்தான். மறுகணம் நாற்காலி இடப்பக்கம் சரிந்து, அவன் மேசையைப் பிடித்துத் தொங்கினான்.

“ஐயோ, சொல்ல மறந்துட்டேன். அதுல ஒரு சக்கரம் போயிடுச்சு. முதல் தடவை உக்கார்றவங்க எல்லாரும் விழுவாங்க. பிரியா மட்டும் அதைச் சுவரோட முட்டுக் கொடுத்து உக்காருவா,” என்றாள் சங்கீதா.

“காணாமப் போனவங்களத் தேடி வந்தவனக் காணாமப் பண்ணப் பாக்குதுக்கா இந்த நாற்காலி.”

“வாயை மூடிக்கிட்டு மவுசை அசை, சிலம்பு.”

தூங்கிக்கொண்டிருந்த திரை விழித்தது. வெள்ளைப் பின்னணியில் சில வரிகள். மேலே கறுப்பு, கீழே சிவப்பு. சிவப்பு வரிகள் ஒரு காயத்தைப் போல இருந்தன.

“ஞாயித்துக்கிழமை லீவு. அடுத்த நாள் பாடத்தைத் தயார் பண்றதுக்காக பிரியா மட்டும் மத்தியானம் சாவி வாங்கிட்டு வந்தா. திங்கக்கிழமை நான் வந்தப்போ முன்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அவ இல்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். இந்த சிஸ்டத்தை நான் தொடவே இல்லை,” என்றாள் சங்கீதா.

“இந்தச் சிவப்பு என்ன சொல்லுது?”

“எரர் மேடம். முதல் மாசப் பிள்ளைங்களோட பாடம்தான். வயசு என்னன்னு கேக்கும். அறுபதுலேர்ந்து அதைக் கழிச்சு, ரிடையர் ஆக இன்னும் எத்தனை வருஷம்னு சொல்லும். சுரங்கத்து டவுன்ஷிப் பிள்ளைங்களுக்கு இதுதான் டக்குனு புரியும். வீட்டுல சோறு திங்கறப்பகூட அந்தப் பேச்சுதானே.”

“அப்புறம் ஏன் எரர்?”

சங்கீதா ஆசிரியையாக மாறினாள். பயத்திலிருந்து சற்று நேரம் தப்பிக்க அது அவளுக்கு உதவியது போலிருந்தது. “நாம என்ன டைப் பண்ணாலும் கம்ப்யூட்டர் முதல்ல அதை வெறும் எழுத்தாத்தான் வாங்கிக்கும். 21ன்னு அடிச்சா அது இருபத்தொண்ணு இல்லை. ரெண்டுன்னு ஒரு எழுத்து, ஒண்ணுன்னு ஒரு எழுத்து, அவ்வளவுதான். எழுத்தை வச்சுக் கழிக்க முடியாதே? அதனால, ‘வந்ததை எண்ணா மாத்து’ன்னு நாம ஒரு கட்டளை எழுதணும். வெறும் எண்ணை அடிச்சிருந்தா மாறிடும். கூட ஏதாவது சேர்த்து அடிச்சிருந்தா மாத்த முடியாது. அப்ப இப்படிச் சிவப்பாக் கத்திட்டு நின்னுடும். எதை மாத்த முடியலைன்னு, அடிச்சதை அப்படியே திருப்பியும் காட்டும்.”

வெண்மதி கடைசி சிவப்பு வரியைப் படித்தாள். ஆங்கில வரிக்கு நடுவே, மேற்கோள் குறிகளுக்குள், ஆங்கில எழுத்திலேயே அது இருந்தது.

‘52 ரன்னிங்’.

கீழே ஒரு லாரி கடந்து போனபோது ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

“அம்பத்தி ரெண்டு வயசுல ஓடிக்கினு இருக்கறாரு ஒருத்தரு,” என்றான் சிலம்பரசன். ஆனால் அவன் குரலிலும் சிரிப்பு குறைவாக இருந்தது.

“உங்ககிட்ட படிக்கிறவங்கள்ல ஐம்பது வயசுக்காரங்க உண்டா?”

“எல்லாம் காலேஜ் பசங்க மேடம். யாரும் ரன்னிங்னு அடிக்க மாட்டாங்க. இப்போ எந்தப் பிள்ளை அப்படிச் சொல்லுது?”

“சுரங்கத்துக்கு உள்ள போற கேட் பாஸுக்கு மனு எழுதறவங்க எழுதுவாங்க,” என்றான் சிலம்பரசன். “எங்கப்பாரு காண்ட்ராக்ட்ல சேந்தப்ப அப்படித்தான் எழுதிக் குடுத்தாங்க. முப்பத்தெட்டு ரன்னிங், அதாவது முப்பத்தெட்டு நடக்குதாம். பேருக்குத்தான் ரன்னிங். ஆளு உக்காந்த எடத்த வுட்டு எழுந்திரிக்க மாட்டாரு.”

வெண்மதி சிரிக்கவில்லை. வயதைக் கேட்டால் மனிதர்கள் எண்ணை மட்டும் சொல்வதில்லை என்று நினைத்தாள். ஒன்றைக் கூட்டுவார்கள், ஒன்றை மறைப்பார்கள். அவளே கடந்த மாதம் வங்கியில் அந்தக் கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றிருந்தாள். காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதிய காலத்தில் அவள் செய்ததும் இந்த மாற்றும் வேலைதான். ஒருத்தி அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் வழக்குக்கு ஆகும் சொற்களாக மாற்றுவாள். மாறாமல் மிச்சம் நின்றதில்தான் பெரும்பாலும் உண்மை இருந்தது.

“வயசைக் கேட்டுட்டு, பதில் வராட்டி இது என்ன செய்யும்?”

“சும்மா நிக்கும் மேடம். ஆள் அடிச்சு முடிச்சு என்ட்டர் தட்டற வரைக்கும் காத்துக்கிட்டே இருக்கும்.”

வெண்மதி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கணினி வரிசைக்குப் பின்னால், துணித் திரை மறைத்த ஒரு சின்ன இடம். தண்ணீர் கேனும் கெட்டிலும் இருந்தன. அதைத் தாண்டி ஒரு தகரக் கதவு.

“இந்தக் கதவு?”

“மொட்டை மாடித் தொட்டிக்குப் போற இரும்பு ஏணி. பின் சந்துல இறங்கும். நாங்க யாரும் அதுல போறதில்லை. உள்பக்கம் எப்பவும் தாழ்ப்பாள் போட்டிருக்கும்.”

தாழ்ப்பாள் போடப்படவில்லை. வெண்மதி விரலால் தள்ளியதும் கதவு திறந்தது. மாலை வெயில் ஏணியின் கம்பிகளில் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. தூரத்தில், சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண்மேடு ஊருக்குப் பின்னால் படுத்திருக்கும் விலங்கைப் போலத் தெரிந்தது.

“தூக்கிட்டுப் போயிருந்தா முன்பக்கப் படியிலதான் தூக்கிட்டுப் போகணும். தெரு முழுக்கப் பார்க்கும்,” என்றாள் மெதுவாக. “இந்த ஏணியில ஒரு ஆள் இறங்கறதே கஷ்டம். அவளாத்தான் இறங்கியிருக்கா. அதுவும் வெறுங்காலோட. செருப்பு முன் வாசல்ல கிடக்குது, அதை எடுக்கப் போக முடியாத நிலைமை. அந்த வாசலுக்கும் அவளுக்கும் நடுவுல ஒருத்தர் இருந்திருக்காரு.”

சங்கீதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சிலம்பு, ஞாயித்துக்கிழமை மத்தியானம். தார் ரோடு எப்படிக் கொதிச்சிருக்கும்? வெறுங்காலோட ஓடி வர்ற ஒரு பொண்ணு முதல்ல எங்க போவா?”

“போலீஸ் ஸ்டேஷனுக்கு.”

“பயந்தவ போலீசுக்குப் போறது கதையிலதான். யோசி.”

அவன் தன் கால்களைக் குனிந்து பார்த்தான். பிறகு கண்கள் விரிந்தன. “பஸ் ஸ்டாண்டாண்ட ரப்பர் செருப்பு விக்கிறாங்களே, அங்கதான்க்கா. இதோ வந்துட்டேன்.” படியில் அவன் தாவித் தாவி இறங்கும் சத்தம் கேட்டது.

சற்று நேரத்தில் கலியன் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் டீ கொண்டு வந்தார். தலையில் துண்டு, நரைத்த மீசை. சங்கீதா சொல்லியனுப்பிய டீ. அவரைப் பார்த்ததும் வெண்மதிக்கு ஒரு யோசனை வந்தது.

“உங்க வயசு என்னங்க?”

“எதுக்குங்க? பொண்ணு கிண்ணு பாத்து வச்சிருக்கீங்களா?”

“சும்மா சொல்லுங்க.”

“ரேஷன் கார்டுல ஒண்ணு இருக்குது, ஆதார்ல ஒண்ணு இருக்குது. ரெண்டாவது சுரங்கத்துக்கு நிலம் எடுக்கறப்ப எனக்குக் கல்யாணம் ஆவல, ஆனா மீசை மொளைச்சிட்டுது. நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.”

“அப்ப ரன்னிங்னு சொல்ல மாட்டீங்க.”

“அது நம்ம பாஷை இல்லீங்களே. அது மேஸ்திரிங்க பாஷை.” சொன்ன வேகத்தில் அவர் சிரிப்பு அணைந்தது. தம்ளரை மேசையில் வைத்த கை அங்கேயே நின்றது.

“ஞாயித்துக்கிழமை கடை வச்சிருந்தீங்களா?”

“வச்சிருந்தேங்க.”

“மாடிக்கு யாராவது ஏறினதைப் பார்த்தீங்களா?”

கலியன் ஜன்னல் பக்கம் பார்த்தார். சாத்திய ஜன்னல். ஆனாலும் அவர் அதன் வழியாகத் தன் கடைப் பெஞ்சைப் பார்ப்பது போலிருந்தது. “அம்மா, என் பையன் காண்ட்ராக்ட்ல போறான். நான் கடை போட்டுக்கினு இருக்கற எடம் என்னுது இல்ல. நான் எதையாவது பாத்தேன்னு வச்சுக்குங்க, நாளைக்கு ரெண்டும் இருக்காது. டீ ஆறிடும், குடிங்க.”

அவர் போன பிறகும் அந்தச் சொற்கள் அறையிலேயே இருந்தன. வெண்மதி டீயைத் தொடவில்லை.

வாசலைத் தடுத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். அப்படிப்பட்டவரை பிரியா தன் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறாள். வயதைக் கேட்கும் திரையை அவர் பக்கம் திருப்பியிருக்கிறாள். அந்நியரை யாரும் அப்படி உட்கார வைக்க முடியாது. உட்காரச் சொன்னால் உட்காரும் அளவுக்கு அவளைத் தெரிந்தவர். அவள் சொன்னதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு உரிமை உள்ளவர். மேஸ்திரி பாஷை பேசுகிறவர். டீக்கடைக்காரரின் பையனுக்கு வேலை கொடுக்கவும் எடுக்கவும் முடிந்தவர்.

வெண்மதி ஜன்னல் பக்கம் திரும்பினாள்; கீழே டீக்கடைப் பெஞ்சில் அப்படி ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். காணாமல் போன பெண்களைத் தேடும்போதெல்லாம் அவர்களுடைய புகைப்படத்தை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறாள். தேடச் சொன்னவரின் முகத்தை அப்படி ஒரு தடவையும் பார்த்ததில்லை. கூப்பிய கையையும் கலங்கிய குரலையும் பார்த்தவுடன் அவள் மனம் அவரை நல்லவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

படியில் ஓட்டமாக வந்தான் சிலம்பரசன். மூச்சு வாங்கியது. முகம் முழுக்கப் பெருமை.

“அக்கா! நீ தெய்வம்க்கா. செருப்புக் கடைக்காரம்மாவுக்கு நல்லா ஞாபகம் இருக்குது. பாதம் ரெண்டும் செவந்து போயி ஒரு பொண்ணு வந்துதாம். பேரம் பேசாம செருப்பு வாங்கினதால மறக்க முடியலையாம். நெல்லிக்குப்பம் பஸ் எங்க நிக்கும்னு கேட்டுச்சாம்.”

“நெல்லிக்குப்பத்துல அவளுக்கு யாரு?” என்று வெண்மதி சங்கீதாவைப் பார்த்தாள்.

“அன்புக்கரசி! காலேஜ்ல கூடப் படிச்சவ. எனக்குத் தோணவே இல்லையே... நம்பர் இருக்கு மேடம்.”

“பொறுங்க. சிலம்பு, இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

“கீழ அந்த மாமங்காரரு மடக்கிப் புடிச்சிக்கினாருக்கா. பாக்கறப்பல்லாம் ஒரே கேள்விதான். எங்க இருக்கா, எங்க இருக்கா. சொல்லிட்டேன்.”

“சொல்லிட்டியா!”

“சொன்னவொடனே போன எடுத்து மவனுக்குப் பேசினாரு. கார் எடுத்துக்கினு கெளம்புடான்னு...” வெண்மதியின் முகத்தைப் பார்த்து அவன் நிறுத்தினான். “அக்கா, ஒண்ணு சொல்லணும்...”

அவன் முடிப்பதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நிதானமான, கனத்த சத்தம். வாசலில் அது நின்றது. செருப்பைக் கழற்றும் சத்தம்.

வெண்மதி சங்கீதாவின் தோளைப் பற்றி, உதட்டசைவுக்குச் சற்றே அதிகமான குரலில் சொன்னாள்: “உள்ள போங்க. அன்புக்கரசிக்குப் போன் போடுங்க. யார் தட்டினாலும் கதவைத் திறக்க வேணாம்னு சொல்லுங்க. அப்புறம் மகளிர் காவல் நிலையம். இந்தத் திரையில இருக்கறதை மறைச்சுட்டு, புதுசா அதே கேள்வியை ஓட விடுங்க. சீக்கிரம்.”

சங்கீதா குனிந்து விசைகளைத் தட்டினாள். சிவப்பு மறைந்தது. வெள்ளைத் திரையில் ஒரே ஒரு சொல் தோன்றியது. ‘வயது?’ பக்கத்தில் ஒரு கோடு துடித்துக்கொண்டிருந்தது. அவள் துணித் திரைக்குப் பின்னால் போய் மறைந்ததும் விஜயராஜ் உள்ளே வந்தார்.

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. முகத்தில் நிம்மதி. “ரொம்ப நன்றிங்க. தம்பி சொல்லிட்டாரு. இனிமே நாங்க பாத்துக்குவோம். நீங்க கெளம்பலாம்.”

“சந்தோஷங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணு. உங்க பொண்ணு இந்த மெஷின்ல ஒரு விளையாட்டு எழுதி வச்சிருக்கா. ரொம்பக் கெட்டிக்காரி. உக்காந்து பாருங்களேன்.”

“இதெல்லாம் நமக்கு எங்க தெரியும்?”

“வயசைத்தான் கேக்குது. நீங்க வளர்த்த பொண்ணு எழுதினது.”

ஒரு கணம் அவர் அவளையே பார்த்தார். எதையும் சந்தேகிக்காத பார்வை. வேலை முடிந்துவிட்ட ஆளின் தாராளம் அதில் இருந்தது. மூலைக்குப் போனார். நாற்காலியின் முதுகைப் பிடித்து, இடப்பக்கத்தைச் சுவரோடு முட்டுக் கொடுத்து, பதமாக உட்கார்ந்தார்.

நாற்காலி அசையவில்லை.

சிலம்பரசனின் வாய் திறந்தது. வெண்மதி கண்ணாலேயே அதை மூட வைத்தாள்.

விஜயராஜ் ஒற்றை விரலால் அடித்தார். ஐந்து. இரண்டு. பிறகு விரல் விசைப்பலகைக்கு மேல் அலைந்து ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாகத் தேடியது. ஒன்று கிடைத்ததும் அடுத்ததற்குப் போனது. அந்த நேரம் எவ்வளவு நீளமானது என்று வெண்மதி அப்போதுதான் உணர்ந்தாள். ஒரு மனிதர் முழுக்க முழுக்கத் திரைக்குள் குனிந்து, சுற்றிலும் எதையும் பார்க்காமல் இருந்தார். கேள்வியும் அவசரப்படாமல் காத்திருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் துணித் திரை லேசாக அசைந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் அசைந்திருக்கும்.

அவர் என்ட்டரைத் தட்டினார். திரை சிவந்தது.

“பாத்தீங்களா? அன்னைக்கும் இப்படித்தான் என்னமோ ஆயி...”

தான் சொன்னதை அவரே அப்போதுதான் கேட்டார்.

வெண்மதி மவுசை வாங்கி, மறைத்து வைத்த பழைய சிவப்பை வெளியே இழுத்துப் புதியதன் பக்கத்தில் நிறுத்தினாள். இரண்டு வரிகளும் ஒன்றாக இருந்தன. ‘52 ரன்னிங்’. ‘52 ரன்னிங்’.

“மாடிப்படி எந்தப் பக்கம்னு தெரியாதவரு, உடைஞ்ச நாற்காலியில எப்படி உக்காரணும்னு தெரிஞ்சு வச்சிருக்கீங்க,” என்றாள்.

விஜயராஜ் திரும்பினார். இப்போது அவர் கையைக் கூப்பவுமில்லை, முகத்தைக் கலங்க வைக்கவுமில்லை. அது இன்னும் சாதாரண முகமாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“தாய்மாமன் வந்து பாக்கக் கூடாதா? கதவச் சாத்திக்கினு ரெண்டு வார்த்தை பேசினேன். என் பையனுக்கு அந்த வேலைய வுட்டுக் குடுன்னு கேட்டேன். சோறு போட்டவன் கேக்கக் கூடாதா? எங்க வூட்டுல வளந்துட்டு, எங்க பேச்சுக்கு மேல அவளுக்கு என்னா ஒரு இது?”

“அவ மாட்டேன்னா என்ன செய்றதா இருந்தீங்க?”

“இத்தினி வருஷம் அந்த நிலத்துல பயிர் வச்சது நாங்கதாங்க. நாளைக்கு ஒரு நாள் அவ வராம இருந்தா போதும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தேவையில்ல.” அவர் எழுந்தார். “என் பையன் இந்நேரம் பாதி தூரம் போயிருப்பான். நீங்க கண்டுபுடிச்சிக் குடுத்ததுதான். மறந்துடாதீங்க.”

அது உண்மை. வெண்மதிதான் செருப்பைப் பார்த்து, ஏணியைப் பார்த்து, ஒரு பெண்ணின் ஓட்டத்தை அடி அடியாகப் பின்தொடர்ந்து, துரத்துகிறவன் கையில் கொடுத்திருக்கிறாள்.

“பாதி தூரம்தாங்க போயிருப்பாரு,” என்றான் சிலம்பரசன். “ஆனா அது விருத்தாசலத்துக்குப் போற பாதி தூரம்.”

இருவரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் உங்ககிட்ட சொன்னது விருத்தாசலம் ஜங்ஷன் பக்கத்துல ஒரு லேடீஸ் ஹாஸ்டல்னு. நீங்களும் மவன்கிட்ட அதத்தான சொன்னீங்க? நெல்லிக்குப்பம் கெழக்கால இருக்குது. நான் மேக்கால அனுப்பினேன்.”

“சிலம்பு...” என்றாள் வெண்மதி.

“அதத்தான்க்கா சொல்ல வந்தேன், நீ எங்க வுட்ட? நேத்துலேர்ந்து இவுரு எத்தினி வாட்டி போன் பண்ணாரு. எங்க இருக்கா, எங்க இருக்கான்னுதான் கேட்டாரு. நல்லா இருக்காளான்னு ஒருவாட்டி கூட கேக்கல. எங்க வூட்டு ஆடு காணாமப் போனா கூட எங்கம்மா, ‘என்னாத்த தின்னுதோ’ன்னுதான் மொதல்ல கேக்கும்.”

விஜயராஜ் அவனை நோக்கி ஓரடி வைத்தார். துணித் திரையை விலக்கிக்கொண்டு சங்கீதா வந்தாள். கையில் போன். சத்தமாகச் சொன்னாள்: “மகளிர் ஸ்டேஷன்ல பேசிட்டேன் மேடம். ஜீப் கெளம்பிடுச்சாம்.”

அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். அவசரமில்லாமல் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். “ஜீப் வரட்டும். சொந்த அக்கா பொண்ணப் பாக்க வந்தேன்னு சொல்லுவேன். கம்ப்யூட்டர்ல வயசு அடிச்சேன்னு சொல்லுவேன். எந்தச் சட்டத்துல அது தப்பு?” வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். “நாளைக்குக் காலைல நானும் ஆபீஸ் வாசல்லதான் நிப்பேன். என் ஆளுங்களும் நிப்பாங்க. அவ எப்படி உள்ள போறான்னு பாக்கறேன்.”

படிகளில் அதே நிதானமான சத்தம் இறங்கிப் போனது. எங்கோ சுரங்கத்தில் ஷிப்ட் மாறும் சங்கு ஊதியது.

சங்கீதா போனை நீட்டினாள். “பிரியா லைன்ல இருக்கா மேடம்.”

வெண்மதி வாங்கினாள். மறுமுனையில் மூச்சுச் சத்தமும், தூரத்தில் கரும்பு லாரிகளின் ஹாரனும் கேட்டன. “பிரியா, என் பேரு வெண்மதி. காலு எப்படிம்மா இருக்கு?”

மிக மெல்லிய குரல் வந்தது. “கொப்புளம் போட்டிருக்கு. ஆறிடும்.” ஒரு நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம். “சின்னப் புள்ளையில மாமா சொல்லச் சொல்ல கேட் பாஸ் மனுவெல்லாம் நான்தான் எழுதுவேன். எல்லாருக்கும் ரன்னிங் போடச் சொல்லுவாரு. அதத்தான் அடிப்பாருன்னு தெரியும். அவ்வளவு எழுத்தத் தேடிக் கண்டுபுடிக்கறதுக்குள்ள ஏணி வரைக்கும் போயிடலாம்னு நெனச்சேன்... நீங்க யாரு? உங்கள யாரு தேடச் சொன்னது?”

பொய் சொல்ல முடியும். ஒரு நல்ல பொய் இந்தப் பெண்ணை அமைதியாகத் தூங்க வைக்கவும் கூடும். “உன் மாமா,” என்றாள் வெண்மதி.

மறுமுனையில் கதவுத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

“அவர் எதுக்குத் தேடச் சொன்னாருன்னு இப்பதான் தெரிஞ்சுது. இப்ப நான் அவருக்காகப் பேசலை.”

“நான் எப்படி நம்பறது?”

“நம்ப வேணாம். அன்புக்கரசியை நம்பு. அவளோட வீட்டு ஆளுங்க நாலு பேரைக் கூட்டிக்கிட்டு காலைல கிளம்பு. வேலை யாருக்குன்னு நீயே உன் வாயால சொல்லு.”

“எனக்குத்தான்னு சொல்லப் போறேன்.” முதல் தடவையாக அந்தக் குரலில் ஓர் உறுதி வந்தது. “ஆனா வாசல்ல மாமா நிப்பாரு.”

“நிப்பாரு.”

“ஆளுங்கள வச்சுக்கினு நிப்பாரு.”

“ஆமா.”

“அப்ப நீங்க எங்க நிப்பீங்க?”

வெண்மதி சிலம்பரசனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான்.

“உனக்கும் அவருக்கும் நடுவுல,” என்றாள்.